வீரகேசரிக் கிழமை

கொன்றையூரை ஆண்ட வீரகேசரி ராஜாவுக்கு எதைப் பார்த்தாலும் தன் பெயரை வைத்துவிட வேண்டும். குளத்துக்கு வைத்தார். தெருவுக்கு வைத்தார். பட்டத்து யானைக்கும் வைத்தார். அதில்தான் கொஞ்சம் சங்கடம். பாகன் யானையைத் திட்டும்போதெல்லாம் சேவகர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரு புதன்கிழமை ராஜா, அரண்மனை ஜோசியரான உலகளந்தாரைச் சபைக்குக் கூப்பிட்டார்.

"ஜோசியரே, கிழமைக்கெல்லாம் பேர் எங்கிருந்து வந்தது?"

"வானத்திலிருந்து, மகாராஜா. ஞாயிறு என்றால் சூரியன், திங்கள் என்றால் சந்திரன். மற்ற ஐந்தும் கிரகங்களின் பேர்."

"அந்த ஏழு பேரில் ஒருத்தனாவது இந்த ஊருக்குக் குளம் வெட்டினானா? எனக்கும் ஒரு கிழமை வேண்டும்."

"கிரகத்தை எழுப்பிவிட்டு அங்கே மனுஷரை உட்கார வைப்பது..." என்று இழுத்தார் ஜோசியர்.

ராஜாவின் மீசை துடித்தது. "அடுத்த புதனுக்குள் என் கிழமை வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நீர் நாட்டை விட்டுப் போக வேண்டும்!"

அறுபது வயதில் எந்த நாட்டுக்குப் போவது? ஜோசியர் தள்ளாடியபடி வாசலுக்கு வந்தார். அங்கே அம்பலக்கூத்தன் நின்றிருந்தான். ராஜாவின் ஆணைகளை முரசடித்து ஊருக்குச் சொல்பவன். வாய் கொஞ்சம் நீளம். ஊருக்குக் கிணறு கேட்டு வந்த அவன் மச்சானை, காவல்காரர்கள் வழக்கம்போல "நாளைக்கு வா" என்று அப்போதுதான் விரட்டியிருந்தார்கள்.

ஜோசியர் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"அழாதீங்க சாமி. சனியைக் கொடுத்துடலாம். அவர் போனா யார் வருத்தப்படப் போறாங்க?"

ஜோசியர் திரும்பிப் போய் அதைச் சொன்னதும் ராஜாவுக்கு ஒரே குஷி. "இனி சனி என்ற பேச்சே கூடாது! சனி என்று சொல்லும் இடத்திலெல்லாம் என் பேரையே சொல்ல வேண்டும்!" என்றார். அம்பலக்கூத்தன் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் முரசடித்தான்.

வீரகேசரிக் கிழமையும் விடிந்தது. ராஜா பட்டாடை உடுத்திப் பல்லக்கில் கிளம்பினார். ஜோசியரும் அம்பலக்கூத்தனும் கூடவே நடந்தார்கள்.

கோயிலில் நூற்றுக்கணக்கான எள் விளக்குகள். "எல்லாம் எனக்கா?" என்று பூரித்தார் ராஜா.

"உங்களுக்குத்தான் மகாராஜா," என்றாள் ஒரு பெண். "உங்க பார்வை எங்க மேல விழாம இருக்கணும்னு வேண்டிக்கிறோம்."

ஒரு கிழவர் ஜோசியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, எனக்கு ஏழரை வீரகேசரி நடக்குது. எப்ப விடும்?"

அடுத்த தெருவில் ஒரு பாடை வந்தது. அதில் உயிரோடு ஒரு கோழி கட்டியிருந்தது.

"கோழி எதற்கு?"

"மகாராஜா கிழமையில செத்தவங்க துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். அதுக்குப் பதிலாத்தான் கோழி," என்றார் பாடையோடு வந்தவர்.

ராஜாவின் முகம் கறுத்தது. அந்த நேரம் பார்த்து ஓர் எருமை வழியில் படுத்தது. எருமைக்காரி குச்சியை ஓங்கினாள். "எந்திரி! பிடிச்ச வீரகேசரி விடமாட்டேங்குதே!"

"திருப்பு பல்லக்கை!"

சபைக்கு வந்ததும் ராஜா கத்தினார். "சனிக்கே அவன் கிழமையைக் கொடுத்துத் தொலை! செவ்வாயை எடுத்துக்கொண்டால் என்னடா?"

"தாராளமா எடுத்துக்கலாம்," என்றான் அம்பலக்கூத்தன். "பொண்ணுங்க ஜாதகத்துல வீரகேசரி தோஷம்னு எழுதுவாங்க. மாப்பிள்ளை கிடைக்காது."

ராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்குக் கிழமையே வேண்டாம். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். ஜோசியர் நாட்டை விட்டுப் போகட்டும்."

"என்னைக்குப் போகணும் மகாராஜா?" என்றான் அம்பலக்கூத்தன்.

"நாளைக்கே!"

"ரொம்ப நல்லது. கிணறு கேட்டு வர்ற என் மச்சானுக்கும் உங்க வாசல்ல அந்த நாளைத்தான் கொடுத்திருக்காங்க. எட்டு வருஷமா இன்னும் வரலை. எந்தக் கிரகத்துக்கும் சொந்தமில்லாம, உங்க அரண்மனையே உண்டாக்கின நாள் அது. அது வந்ததும் ஜோசியர் கிளம்பிடுவார்."

ராஜா அவனையே முறைத்தார். பிறகு மீசை ஆடியது, தோள் ஆடியது, சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். கிணறு வெட்ட அன்றைக்கே ஆட்கள் போனார்கள். ஜோசியர் தன் வீட்டுக்கே போனார்.

"உனக்கு என்னடா வேண்டும்? கேள்!" என்றார் ராஜா.

அம்பலக்கூத்தன் தலையைச் சொறிந்தான். "அந்த யானை பேரை மட்டும் மாத்திடுங்க மகாராஜா. பாகன் மனசு விட்டுத் திட்ட முடியாம தவிக்கிறான்."