அதே கை, அதே மெஷின்

"அதே கை, சாமி. அதே மெஷின். கம்பெனியில ஓடுச்சு. வீட்ல ஓட மாட்டேங்குது. ஏனுங்க?"

நாச்சிமுத்து இப்படிக் கேட்டபோது சாமி கரட்டடியில், அந்தச் சிறு குன்றின் அடிவாரத்தில், மண் குழைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே தனியாக இருக்கும் சாமியார் அவர்; வயது நாற்பது இருக்கும். நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. அதனால் சாமி அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"அதே மெஷின்னா, அதேவாங்கண்ணா?"

"அதேதானுங்க. கம்பெனி கழிச்சுப் போட்டதைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அதுல எந்தத் திருகு லூஸுன்னு எனக்குத்தான் தெரியும்."

"அப்போ நீங்க மட்டும்தான் கழண்டு வந்துட்டீங்க."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. சிரிக்கிற காரியத்துக்கு அவர் வரவில்லை.

அவர் பதினோரு வருஷம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவர். சூப்பர்வைசர் பேர் குப்புராஜ். அவன் உட்காரவே மாட்டான். முதுகுக்குப் பின்னாலேயே நடப்பான். ஒரு காலர் முடியும்போது பின்னாலிருந்து சத்தம் வரும்.

"அடுத்தது?"

அவ்வளவுதான் அவன் பேச்சு. சிலருக்குக் கடவுள் வேறு சொல்லே கொடுப்பதில்லை.

ஆறு மாதம் முன்பு, ஒரு சாப்பாட்டு நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் அவன் சொன்னான்: "நான் பின்னால நிக்கிறதாலதான் இந்தாளு தைக்கிறான். வீட்டுக்கு அனுப்பிப் பாருங்க, ஒரு காலர் தைக்க மாட்டான்."

நாச்சிமுத்து தூக்குப்போசியை மூடினார். எழுந்தார். வந்துவிட்டார்.

இப்போது ஒரு ஜவுளிக் கடைக்காரர் நம்பி நூறு பள்ளிச் சட்டை கொடுத்திருந்தார். வெட்டிய துணி. தைத்துக் கொடுத்தால் போதும். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் எட்டு நாள். முடிந்தது பத்தொன்பது.

"முடிக்காட்டி என்ன ஆகும்?" என்றார் சாமி.

"கடைக்காரர் இனிமே துணி தர மாட்டார். நான் திரும்ப அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போகணும். குப்புராஜ் கேட்டுலயே நிப்பான்."

"நின்னு?"

"சிரிப்பான்."

சாமி கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"வீட்ல என்ன செய்றீங்க? காலையிலிருந்து சொல்லுங்க. எனக்குத் தையல் தெரியாது. ஒன்னுவிடாமச் சொல்லுங்க."

நாச்சிமுத்து சொன்னார். எட்டு மணிக்கு உட்காருவார். மெஷினுக்கு எண்ணெய் விடுவார். எண்ணெய் விட்ட கையைக் கழுவ எழுவார். எழுந்தவர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர், நீங்கள் வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், சிலிண்டர் வந்தால் வாங்கி வையுங்கள் என்பார். சிலிண்டர் வரும்வரை வாசலில் நிற்பார். ஊசி உடையும். நூல் அறும். மத்தியானம் ஆகும்.

"வீட்டுக்காரி வேற. மயிலாத்தா. மணிக்கு ஒருதரம் வந்து, எனக்கு ஏதாச்சும் வேலை இருக்குதுங்களாங்கிறா. பட்டன் வைக்கறதும் பிசிறு வெட்டறதும் அவ வேலை. நூறும் முடியட்டும், மொத்தமாத் தர்றேன், சும்மா வந்து கேக்காதன்னுட்டேன். ஒருத்தன் கேட்டுக் கேட்டுத்தான் நான் அங்கிருந்தே வந்தேன். இப்ப உள்பக்கம் தாழ் போட்டுக்கறேன்."

"அப்பவும் ஓடலீங்களா?"

"ஓடலீங்க."

சாமி யோசித்தார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது.

நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் குப்புராஜை மன்னிச்சாத்தான் ஓடுமுங்களா?"

"அது உங்க இஷ்டம். நாம தையலைத்தானே பேசிட்டு இருக்கிறோம்."

நாச்சிமுத்துவுக்கு நிம்மதியாக இருந்தது. மன்னிக்கச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் பஸ்ஸிலேயே இருந்தது.

சாமி எழுந்தார். தனக்கென்று ஒரு சமையலறை கட்டிக்கொண்டிருந்தார். சுவர் இடுப்புயரம் வந்திருந்தது. பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் செங்கல் கிடந்தது.

"அண்ணா, அந்தக் கல்லையெல்லாம் சுவர்கிட்ட கொண்டுவந்து அடுக்குங்க. நான் காபி வைக்கிறேன்."

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

காபி வந்தபோது அவர் மரத்தடியில் உட்கார்ந்து ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனைங்கண்ணா?"

"பதினாலு."

"ஓணான்?"

"ஒன்னுதானுங்க."

காபி குடித்து முடித்ததும் சாமி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாச்சிமுத்து ஒரு கல்லை வைத்தார்.

"அடுத்தது?" என்றார் சாமி.

நாச்சிமுத்துவின் கழுத்து விறைத்தது. எடுத்தார். வைத்தார்.

"அடுத்தது?"

கற்கள் விறுவிறுவென்று வந்தன. இரண்டு உடைந்தன. இருபதாவது கல்லை நாச்சிமுத்து கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடி திரும்பினார்.

"சாமி, இன்னொருதரம் அதைக் கேட்டீங்கன்னா இதை உங்க மண்டையில போட்டுருவேன்."

"வேகமா வந்துச்சே?"

"வந்துச்சு. அவன் சொன்னது நெசமாயிருச்சு. அதுதான் எரியுது."

சாமி உடைந்த கற்களைப் பார்த்தார்.

"கம்பெனியில காலர் இப்படித்தான் உடையுமா?"

"காலர் எங்கீங்க உடையும்?"

"கோணும். பிரியும். கம்பெனியில உங்க காலர் எத்தனை திரும்பி வந்துச்சு?"

நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

"பதினோரு வருஷத்துல ஒன்னு."

"அப்படிங்களா?" என்றார் சாமி. அவர் முகத்தில் ஆச்சரியம். "அப்போ அங்க ஓட்டினது இந்தச் சத்தமில்ல. வேற என்னமோ."

சுவரருகே போனார். நாச்சிமுத்துவுக்கு முதுகைக் காட்டி நின்றார். வலது கையில் கரண்டியை எடுத்தார். மண்ணைப் பரப்பினார். அடுக்கியிருந்த கற்களை அவர் தொடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டினார்.

கை வெறுமையாக இருந்தது.

நாச்சிமுத்து அதைப் பார்த்தார். கை அப்படியே இருந்தது. ஒரு கல்லை எடுத்து அதில் வைத்தார்.

கை போனது. கல் சுவரில் உட்கார்ந்தது. கை மறுபடி வந்தது.

இன்னொன்று.

அடுக்கிய கல் தீர்ந்தது. மரத்தடிக்குப் போனார், எடுத்தார், வந்தார். கை காத்திருந்தால் இரண்டு எட்டு கூட்டி வைத்தார். கல்லின் சொரசொரப்பான பக்கம் கையில் குத்தாதபடி திருப்பிக் கொடுத்தார். ஓணான் மரத்திலேயே இருந்தது.

வேப்பமரத்து நிழல் சுவரில் ஏறியபோது கல் எதுவும் மிச்சமில்லை. ஒன்றும் உடையவில்லை.

நாச்சிமுத்து வெறுங்கையோடு நின்றார்.

"தெய்வானை" என்றார்.

"யாருங்கண்ணா?"

"எனக்கு அடுத்த மெஷின். நான் காலர் தைச்சுக் குடுத்தா அவ சட்டையில வெச்சு ஓட்டுவா. வாயே திறக்க மாட்டா. திரும்பக்கூட மாட்டா. காலர் தீந்துதுன்னா இடது கையை மட்டும் நீட்டுவா. நான் வைக்கிற வரைக்கும் அந்தக் கை அப்படியே இருக்கும்."

"இருக்கும்?"

"என்னால பாத்துட்டு இருக்க முடியாதுங்க."

சாமி கரண்டியைக் கழுவினார்.

நாச்சிமுத்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பதினோரு வருஷமா நான் தைச்சதையெல்லாம் அந்தக் குப்புராஜ் கணக்குல எழுதிட்டேனே சாமி! அவன் சொன்னான், நானும் நம்பிட்டேன்!"

"இப்ப வீட்ல உங்களுக்கு அடுத்த மெஷின் யாரு?"

"யாருமில்லீங்க. நான்தான் தாழ்ப்பாள் போட்டுட்டு..."

நாச்சிமுத்து நிறுத்தினார். செருப்பைத் தேடினார்.

"இன்னொரு காபி?"

"பஸ் போயிருமுங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாச்சிமுத்து மெஷினில் உட்காரவில்லை. திருப்புளியை எடுத்து அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார். மெஷினை இழுத்து அறை வாசற்படிக்குப் பக்கத்தில் போட்டார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

ஒரு சட்டை முடிந்தது. எட்டிக் கூடத்துக்கு நீட்டினார்.

மயிலாத்தாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னுங்க இது?"

"பட்டன் வை."

"நூறும் முடிஞ்சு மொத்தமாத் தர்றேன்னீங்க? வந்து கேட்டா வள்ளுனு விழுந்தீங்க?"

"புடி, மயிலு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

இரண்டாவது சட்டையில் பாதி வந்தபோது நூல் அறுந்தது. நாச்சிமுத்து எழுந்தார். தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்குமா என்று ஒரு யோசனை வந்தது.

வாசற்படிக்கு உள்ளே ஒரு கை நீண்டது. இரண்டு கண்ணாடி வளையல். மற்றபடி வெறுங்கை.

"அடுத்தது?" என்றாள் மயிலாத்தாள்.

பதினோரு வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே சொல்.

நாச்சிமுத்து உட்கார்ந்தார். நூலைக் கோத்தார்.

மெஷின் ஓடியது.