குகை மாற்றிய கரடி

மலையடிக் காட்டில் தொப்பளான் என்று ஒரு கரடி இருந்தான். தேன், மீன், கரையான் என்று எது கிடைத்தாலும் தின்பான். தின்ற கையோடு படுத்துத் தூங்கிவிடுவான். வாய் கொப்பளிப்பதா? அந்தப் பழக்கமே கிடையாது!

"சே! இந்தக் குகை என்ன இப்படி நாறுது!" என்று ஒரு குகையை விட்டான். அடுத்ததும் நாறியது. மூன்றாவதும் நாறியது. "இந்தக் காடே சரியில்லை!" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

இந்த அழகில் ஐயாவுக்குக் கல்யாண ஆசை வேறு. ஏற்கெனவே நாலு இடம் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதாக, ஓடைக்கு அக்கரையில் இருந்த சிட்டம்மா என்ற கரடியைப் பெண் பார்க்க ஏற்பாடு செய்தார் அணில் தரகர். இதுவும் போனால் தொப்பளான் காலமெல்லாம் தனிக்கட்டைதான்.

"மாப்பிள்ளை, வாயைக் கழுவிட்டுக் கிளம்புங்க" என்றார் தரகர், உச்சிக் கிளையில் உட்கார்ந்தபடி.

"என் வாய்க்கு என்னய்யா?" என்று சீறினான் தொப்பளான். ஆனாலும் உள்ளுக்குள் பயம். வாய் நிறைய மல்லிகையை அடைத்துக்கொண்டு போனான்.

பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை பேரு?" என்று கேட்டார்.

"ம்ம்..."

"ஐயையோ, ஊமையா!"

"யாரு ஊமை?" என்று கத்தினான் தொப்பளான். மல்லிகை பறந்தது. பின்னாலேயே நாற்றமும் வந்தது. அப்பா மல்லாந்து விழுந்தார்!

சிட்டம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "மீன் சட்டியைக் கழுவாம மேலே பூ வச்சா ஆச்சா? வேப்பங்குச்சியால பல்லு விளக்கி, நாக்கை வழிச்சு, கொப்பளிச்சுட்டு வாங்க. அப்புறம் பேரைக் கேக்கறேன்!"

தொப்பளானுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடைக்கரையில் உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்த்தான். மீன்முள் வந்தது. கரையான் இறகு வந்தது. போன வாரம் தின்ற நாவல்பழத் தோல்கூட வந்தது! அன்று முதல் பத்து நாள் விடாமல் காலையில் குச்சி, சாப்பிட்டதும் கொப்பளிப்பு.

பதினோராம் நாள் கண் விழித்தவன், "அட! குகையில நாத்தமே இல்லையே!" என்றான். பழைய குகைகளுக்கு ஓடி மோந்து பார்த்தான். அவையும் நாறவில்லை. வெட்கமாய்ப் போயிற்று. மூன்று குகைகளிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு அக்கரைக்கு நடந்தான்.

"உங்க பேரு?" என்றாள் சிட்டம்மா, பக்கத்திலேயே நின்று.

"தொப்பளான்!"

"சரியாக் கேக்கலை. இன்னும் கிட்ட வந்து சொல்லுங்க!"

ஊரெல்லாம் நாறுகிறது என்று மூக்கைப் பிடிக்கும் முன், நம் வாயை ஒருமுறை நன்றாகக் கழுவிப் பார்க்க வேண்டும்.