மரகதவல்லி அம்மாளுக்குச் சிரமம் தராத கச்சேரி

சாளையங்குறிச்சி நாதவெள்ளம் மெல்லிசைக் குழுவில் மூன்று பேர். கீபோர்டு வாசிக்கும் சவரிராயன்தான் தலைவர். டிரம் அடிப்பவர் பொன்னையா, பாடுபவர் துரைக்கண்ணு. மூவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எண்ணம் என்பதே கொஞ்சம் குறைவுதான்.

நம் நாட்டின் இசைத்தட்டுப் பாடகிகளைப் போற்றி ஊர் ஊராகக் கச்சேரி நடத்துவது என்று ஒரு நாள் முடிவெடுத்தார்கள்.

"அப்போ ஒரு பாடகியைச் சேர்த்துக்கணுமே," என்றார் பொன்னையா.

"பாராட்டப் போறதே பெண்களை. அவங்களையே வேலை வாங்குறதா? மனசாட்சி வேணாமாய்யா?" என்ற துரைக்கண்ணு, பெண் குரலில் தானே பாடிவிடுவதாகப் பொறுப்பேற்றார். ஒத்திகை நடந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து, கிணற்றில் பூனை ஏதும் விழுந்துவிட்டதா என்று விசாரித்துப் போனார்.

முதல் கச்சேரிக்கு மரகதவல்லி அம்மாள் வரச் சம்மதித்தார். இளம் வயதில் எத்தனையோ இசைத்தட்டுகளில் பாடியவர். அவர் குரலை ஊரே கேட்டிருந்தது. முகத்தைத்தான் யாரும் பார்த்ததில்லை.

"கதவைச் சாத்திக்கிட்டு மைக்கைப் பார்த்தே காலத்தை ஓட்டிட்டேன் தம்பி. ஒரு பாட்டாவது சனங்க முகத்தைப் பார்த்துப் பாடிடணும். அதுக்குத்தான் வர்றேன்," என்று போனில் சொன்னார். சவரிராயன் தேம்பித் தேம்பி அழுதார்.

மண்டபச் செயலாளர் அப்பாசாமி ஒரே ஒரு கட்டளை போட்டார். "வயசான அம்மா. கடுகளவுகூடச் சிரமம் கொடுக்கக் கூடாது. கொடுத்தீங்க, அடுத்த கச்சேரிக்கு இந்த மண்டபம் கிடையாது."

நடப்பது சிரமம் என்பதால், காரிலிருந்து இறங்கிய அம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மேடைக் கதவு குறுகல். "இறங்கிக்கிறேன் தம்பி," என்றார் அம்மாள். இறங்குவதும் சிரமம்தானே? கதவைக் கழற்றினார்கள். கதவு நிலையோடு சுவரும் பெயர்ந்து வந்தது.

பொன்னாடை வந்தது. சரிகை கனமாயிற்றே, அம்மாள் தோள் தாங்குமா? அவர் சார்பில் பொன்னையா போர்த்திக்கொண்டார். கூட்டம் கைதட்ட, வெட்கத்தோடு கும்பிட்டார். பிறகு தண்ணீர் வந்தது. செம்பைத் தூக்கும் சிரமத்தையும் பொன்னையாவே ஏற்றுக் குடித்து முடித்தார்.

"இப்போ நான் பாடட்டுமா?" என்றார் அம்மாள்.

மூவரும் ஒதுங்கிப் போய் ஆலோசித்தார்கள்.

"பாடுறது சிரமமாய்யா?" என்றார் சவரிராயன்.

"எனக்குச் சிரமம்தான்," என்றார் துரைக்கண்ணு.

"கேக்குறவங்களுக்கு?"

"அதைப் பத்திச் செயலாளர் ஒண்ணும் சொல்லலையே."

"மைக்கை நாம பிடிச்சுக்கலாம்," என்றார் பொன்னையா. "மூச்சை யார் விடுறது?"

வெகுநேரம் யோசித்தும் அதற்கு மட்டும் வழி தெரியவில்லை. சவரிராயன் திரும்பி வந்து கைகூப்பினார். "நீங்க அசையவே வேணாம்மா. உங்க பாட்டைத் துரைக்கண்ணு பாடுவான். உங்க முகத்தைச் சனங்க பார்த்துக்கட்டும்."

"நான் அவங்க முகத்தைப் பார்த்துப் பாடணும்னுல்ல வந்தேன்?"

"பார்க்குறதும் கண்ணுக்குச் சிரமம்தானேம்மா. மூடிக்குங்க."

பாராட்டுரை ஆரம்பமானது. அம்மாளின் குரல் தேன் என்றார் சவரிராயன். தேனில் எத்தனை வகை உண்டு என்று விளக்கப் போய், மலைத்தேனுக்கு வருவதற்குள் நாற்காலி காலியாகிவிட்டது.

"அம்மாவைக் காணோமே!" என்றார் பொன்னையா.

"நல்லதாப் போச்சு. உட்கார்ற சிரமமும் விட்டது," என்ற சவரிராயன், நாற்காலியைப் பார்த்து உரையைத் தொடர்ந்தார்.

சற்று நேரத்தில் வாசல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. முன்வரிசை எழுந்து போனது. பின்வரிசையும் போனது. கடைசியில் செயலாளரும் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். கொம்புத்தேனை வர்ணித்துக்கொண்டிருந்த சவரிராயனுக்குத் தன் பேச்சே தன் காதில் விழவில்லை.

"என்னய்யா இது இரைச்சல்? ஒரு பாடகியைப் பாராட்ட விடமாட்டேங்கிறாங்க! போய் அடக்கிட்டு வா."

பொன்னையா ஓடினார். வாசற்படியில் அம்மாள் நின்றிருந்தார். எதிரே டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள், மண்டபத்துச் சனம் மொத்தமும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர், உதட்டில் சிரிப்பு.

பொன்னையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கும்பிட்டார்.

"அட, நீங்கதானாம்மா! யாரோ எவரோன்னு பயந்துட்டேன். கொஞ்சம் மெதுவாப் பாடுங்கம்மா. உள்ளே உங்க குரலைப் புகழ்ந்துக்கிட்டிருக்கோம், ஒரு வார்த்தைகூடக் கேக்க மாட்டேங்குது."