காற்றுக்கு வேலியிட்ட பேராச்சியம்மையார்

தென்கடற்கரையை ஒட்டி, தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் சூழ்ந்த உடைச்சேரியில் பேராச்சியம்மையார் வாழ்ந்துவந்தார். கணவரையும் ஒரே மகளையும் அம்மை நோய்க்குப் பறிகொடுத்தவர். உடைமரக் காட்டில் முள் வெட்டி, கட்டாகத் தலையில் சுமந்து, வேலிக்கு வேண்டுவோரிடம் கொடுத்து அரிசி வாங்கி உண்பார். ஆயினும் விடிந்ததும் அவர் கால்கள் முதலில் போவது தேரியுடையார் கோயிலுக்குத்தான். காற்று கொண்டுவந்து கொட்டிய மணலை நாற்பது கூடை அள்ளி எறிந்து, திருமுன் தரை தெரியும்வரை பெருக்குவார். "அப்பனே, இன்னைக்கும் ஒன் வாசல் தெரியுது" என்று கும்பிட்ட பிறகே காட்டுக்குச் செல்வார்.

கும்பிட்டாலும் நெஞ்சு அமரவில்லை. வைகாசியில் எழும் மேல்காற்று ஆவணிவரை ஓயாது. நந்தி கழுத்தளவு புதைந்துவிட்டது. நாற்பது கூடை ஐம்பதாயிற்று. 'என் கை ஓய்ந்த மறுநாள் என் அப்பன் என்ன ஆவான்?' முள் வெட்டும்போதும் சோறு உண்ணும்போதும் இந்தக் கேள்வி அவரை அரித்தது.

ஒருநாள் தாம் கொடுத்த முள்ளால் அடைத்த வேலி ஒன்றைக் கண்டு நின்றார். அதன் மேற்கே மணல் குவிந்திருந்தது. கிழக்கே தரை சுத்தமாக இருந்தது. அம்மையார் தலையிலிருந்த முள்கட்டைக் கீழே போட்டுவிட்டு, கொதிக்கும் மணலில் ஏறித் தேரியின் உச்சியில் நின்று பார்த்தார். இத்தனை காலம் கூடைகூடையாக அள்ளிய மணல் வரும் வழி அங்கே தெரிந்தது. இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஒரு பிளவு. காற்று அதில்தான் நுழைந்தது. இரு கை விரித்த அளவு ஒரு பாகம் என்றால், முந்நூறு பாகம் நீளத்துக்கு அதை அடைத்தால் கோயில் பிழைக்கும். முதலில் முள், முள்ளில் தேங்கும் மணலைப் பிடிக்க அடம்புக்கொடி, கொடியின் நிழலில் பனங்கொட்டை. இந்த ஆண்டுக்கு முள், என்றைக்குமாகப் பனை.

மறுநாளே பிளவுக்கு ஓடினார். அன்று கோயிலுக்குப் போகவில்லை. மாலையில் திரும்பியபோது கருவறைப் படி மூடிக் கிடந்தது.

"தேரியை மறிக்கப் போனியா பேராச்சி? இங்க சாமிக்கு வெளக்கேத்த வழியில்லை!" என்று வெதும்பினார் சபாபதி குருக்கள்.

"தப்புதான் சாமி. அங்க நின்னா இங்க மூடுது, இங்க நின்னா அங்க தொறக்குது" என்று அழுதார் அம்மையார்.

அன்றிலிருந்து இரண்டையும் விடவில்லை. விடியலில் கோயில் மணல்; பின்பு காடு. வெட்டும் கட்டுகளில் பாதி வயிற்றுக்கு, பாதி பிளவுக்கு. நாளுக்கு மூன்றடி நகர்ந்தால் அது நல்ல நாள். ஆடு மேய்ந்த இடத்தை மறுபடி அடைத்தார். சூறைக்காற்று பிடுங்கிய இடத்தில் மறுபடி நட்டார். ஊர்த்தலைவர் ஆதிச்சமுத்து வழிமறித்து, "காத்துக்கு வேலி போடுதியாக்கும்! கடலுக்கு எப்போ கதவு வைக்கப்போற?" என்று கேட்க, நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மையார் நிற்கவில்லை. தலையில் பாரம் இருந்தது.

மூன்றாம் ஆண்டு வேலி அவருடைய குடிசையை நெருங்கியது. நேராகப் போனால் குடிசை காற்றின் பக்கம் விழும். மணல் அதன்மேல்தான் குவியும். வளைத்தால் குடிசை தப்பும், ஆனால் வளைவில் காற்று உடைத்துக்கொண்டு வரும். அன்று முழுவதும் அவர் உள்ளும் புறமுமாக நடந்தார். மகள் பிறந்ததும் இறந்ததும் அந்த வீட்டில். பொழுது சாயுமுன் பானையை வெளியே எடுத்து வைத்தார். கூரை மட்டைகளைப் பிரித்து, நேர்கோட்டில் நட்டார்.

அவ்வாண்டு ஆடியில் காற்று வெறிகொண்டது. கருவறைக்குள் முழங்காலளவு மணல் ஏறவே, இறைவனைக் கிழக்கூருக்குப் பெயர்த்துச் செல்வதென ஊர் முடிவு செய்தது. நண்பகலில் ஏழு வண்டிகள் கோயில் முன் நின்றன. கூடையும் கையுமாக ஓடிவந்த அம்மையார், "இன்னும் நாப்பது பாகந்தான் ஐயா, பொறுங்க" என்று கெஞ்சினார். எவரும் செவிகொடுக்கவில்லை.

இறுதிப் பூசைக்கு உள்ளே சென்ற குருக்கள் அலறிக்கொண்டு வெளியே வந்தார். "சாமி உச்சியில முள் கீறின தழும்பு! செம்மணல் அப்பியிருக்கு!" எல்லோரும் வாயிலில் நெருங்கினர். அப்போது கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"என்னை எங்கே ஏற்றுகிறீர்கள்? அவள் சுமக்கும் முள்சுமையை நானும் சுமந்துகொண்டிருக்கிறேன். நாற்பது பாகம் மிச்சம் இருக்கிறது. வண்டியில் முள்ளை ஏற்றுங்கள்."

ஆதிச்சமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். முதல் வண்டியைக் காட்டுக்குத் திருப்பியவரும் அவரே. ஊரே முள் சுமந்தது. கதிரவன் மறையுமுன் பிளவு அடைபட்டது. மணல் வேலிக்கு அப்பால் குவியத் தொடங்கியது. கோயிலில் விளக்கு ஆடாமல் எரிந்தது.

"தாயே, இனியாவது உக்காருங்க" என்றார் ஆதிச்சமுத்து, கைகூப்பி.

"பனங்கொட்டை இன்னும் ஊனலியே ஐயா" என்றார் அம்மையார், கூடையைத் தூக்கியபடியே.

நூறாண்டுக்கு அப்பால் நிற்கப்போகும் நிழலைக் கண்டு, அன்றைய வேலையை அன்றே செய்த பேராச்சியம்மையாரின் முள் தைத்த திருவடிகள் நம் தலைமேல் இருப்பதாக.