உபகாரம் மாமாவைப் பூசைக்குக் கூட்டி வந்த கதை

மிக்கேலேந்தல் மேலத்தெருக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களிடம் இருந்த தொல்லையே அதுதான்.

ஒரு நாள் பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: "வேதத்தைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போனா போதாது. வர்ற ஞாயிறு ஒவ்வொரு தெரு அன்பியச் செபக்குழுவும், கோயிலுக்கு வராத ஒருத்தரை வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பூசைக்குக் கூட்டிட்டு வரணும். ஆண்டவர் சீடர்களை அனுப்பினாரே, அதே மாதிரி போங்க. கூட்டிட்டு வராத அன்பியத்தைப் பக்கத்துத் தெருவோட சேர்த்துடுவேன்."

மேலத்தெருவுக்கு அன்பியத் தலைவி ஞானப்பூ. பக்கத்துத் தெருவுக்குத் தலைவி அவளோட நாத்தனார் ரோணிக்கம். அவள் முன்னால் கைகட்டி உட்கார்ந்து செபமாலை சொல்வதா?

ஞாயிறு காலையில் ஞானப்பூ, மதலேனாள், சலேத்து, தொம்மை நாலு பேரும் கிளம்பினார்கள். யாரைக் கூப்பிடுவது என்பதில் குழப்பமே இல்லை. திருவிழாவில் சப்பரம் தூக்க விடவில்லை என்று கோவித்துக்கொண்டு போன உபகாரம் மாமாதான்.

மதலேனாள் வேதாகமத்தைப் பிரித்தாள். "பை வேண்டாம். செருப்பு வேண்டாம். வழியில் யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டாம். ரெண்டு ரெண்டு பேரா போகணும்."

"மூக்குக்கண்ணாடி?" என்றார் சலேத்து.

"அதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்ப இருக்கட்டும்."

கருவேலங்காட்டைத் தாண்டுமுன் தொம்மை காலில் முள் ஏறிவிட்டது. சலேத்து அவனை முதுகில் தூக்கிக்கொண்டார்.

"நில்லுங்க," என்றாள் மதலேனாள். "இப்ப மூணு பேருதான் நடக்கிறோம். கணக்கு உதைக்குதே."

யோசித்துப் பார்த்தார்கள். வேறு வழி தெரியவில்லை. மதலேனாள் ஞானப்பூ முதுகில் ஏறிக்கொண்டாள்.

எதிரே வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, உபகாரமே வந்தார்.

"என்னம்மா ஞானப்பூ, எங்க சவாரி? என் கோவமெல்லாம் தீர்ந்துபோச்சு. பூசைக்குத்தான் போறேன்."

நாலு பேரும் வாயை இறுக்கி மூடி, வானத்தைப் பார்த்தபடி அவரைக் கடந்து போனார்கள்.

"இவங்க கோவம் தீரல போலிருக்கு," என்று முனகிக்கொண்டு அவர் கோயிலுக்கு நடந்தார்.

வீடு பூட்டியிருந்தது. "இந்த வீட்டுக்குச் சமாதானம்!" என்று வேதத்தில் உள்ளபடி பூட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள்.

"அக்கா, வழியில வந்தது மாமாதானே?" என்றான் தொம்மை.

"அவரு வழியில இருக்கிற மாமாடா. சாமி கூப்பிடச் சொன்னது வீட்டில இருக்கிற மாமாவை," என்றாள் ஞானப்பூ.

அதற்குள் பூசை மணி அடித்தது. விழுந்தடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். உள்ளே கடைசி பெஞ்சில் உபகாரம் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தார்.

ஞானப்பூ தலையில் கை வைத்துக்கொண்டாள். "கெடுத்தாரே மனுசன்! கூப்பிடுறதுக்கு முன்னாடியே வந்துட்டாரே!"

"இங்கயே கூப்பிட்டா என்ன?" என்றார் சலேத்து.

"வீட்டில கூப்பிடணும்னுல்ல சாமி சொன்னாரு?" என்றாள் மதலேனாள்.

முன்வரிசையிலிருந்து ரோணிக்கம் திரும்பிப் பார்த்து, லேசாகச் சிரித்தாள்.

அவ்வளவுதான். ஞானப்பூ ஒரு கையைப் பிடித்தாள், மதலேனாள் மறுகையை. சலேத்தும் தொம்மையும் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். செபித்துக்கொண்டிருந்த உபகாரம் அந்தரத்தில் கண்ணைத் திறந்தார்.

"ஏய், நில்லுங்க!" பீடத்திலிருந்து சாமியார் கத்தினார். "அவரை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

வாசலில் நின்று ஞானப்பூ பணிவாகச் சொன்னாள்:

"பூசைக்குக் கூட்டிட்டு வரத்தான் சாமி!"