தாய்மாமன் காதைக் கொட்டிய தேனீ

அந்தக் காலத்தில், மலைத்தேனீக்கள் மனிதரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒருவன் தேன் எடுக்கக் கிளம்பினால் வீட்டில் அழுதுதான் அனுப்புவார்கள். தேனடை செங்குத்துப் பாறையின் நடுவில் தொங்கும். உச்சியில் கயிறு கட்ட ஒரு மரம் கிடையாது, வெறும் மொட்டைப் பாறை. ஒருவன் கொடிக்கயிற்றில் இறங்க, இன்னொருவன் மேலே அதைப் பிடித்திருக்க வேண்டும். எவன் தோள் அகலமோ அவனைப் பிடிக்கச் சொல்வது அன்றைய வழக்கம். கேட்க நல்ல யோசனைதான்!

ஆனால் தேனீக்களின் ராணி லேசுப்பட்டவள் இல்லை. "தொங்குறவனை ஏன் கொட்டுறீங்க? மேல பிடிச்சிருக்கான் பாருங்க, அவன் கையைக் கொட்டுங்க. வலிச்சா விட்டுடுவான்" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்படியேதான் நடந்தது. எப்பேர்ப்பட்ட பலசாலியும் கை வீங்கியதும் கயிற்றை விட்டான். கேட்டால், "என் கை எனக்குப் பெரிசில்லையா?" என்பான். அவனைக் குறை சொல்லியும் பயனில்லை.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. வஞ்சி என்கிற பெண் அப்போதுதான் ஒரு மகளைப் பெற்றிருந்தாள். சாப்பாடில்லாமல் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளையின் அழுகை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. அவள் புருஷன் கடம்பனுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பாறையில இறங்குறேன். நீ தேனாவது தின்னாத்தான் பிள்ளைக்குப் பால்."

"கயிறு யாரு பிடிப்பா?"

கடம்பனுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஊரிலிருந்த பலசாலிகளை எல்லாம் கேட்டுப் பார்த்தான். எல்லோருக்கும் அன்றைக்கென்று கால்வலி, வயிற்றுவலி.

வஞ்சிக்கு மூங்கன் என்று ஓர் அண்ணன் உண்டு. குச்சி உடம்பு, மூக்கு நுனியில் கோபம். தான் அடித்த பன்றியின் ஈரலைக் கேட்காமல் கடம்பன் சுட்டுத் தின்றுவிட்டான் என்று, கல்யாணத்துக்கு மறுநாளே பேச்சை நிறுத்தியவன். தங்கை பிள்ளை பெற்றபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. ஓர் ஈரலுக்கு இவ்வளவு வீம்பா என்று சிரிக்காதீர்கள். பந்தியில் கவனிக்கவில்லை என்று பத்து வருஷம் பேசாதவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்!

வஞ்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் குகைக்குப் போனாள்.

"அண்ணே, கயிறு பிடிக்க வா."

"ஈரலைத் தின்னவனுக்காக நான் கொட்டு வாங்கணுமா? அவன் எனக்கு ரத்தமா, சதையா? போ தாயி."

வஞ்சி பிள்ளையை அவன் மடியில் போட்டாள். திடுக்கிட்டுப் பிடித்துக்கொண்ட மூங்கன் குனிந்து பார்த்தான். பிள்ளையின் இடது காதில் மேல்விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது. மெல்லத் தன் இடது காதைத் தடவினான். அதே மடிப்பு! செத்துப்போன அம்மாவுக்கும் அதே இடத்தில் அதே மடிப்பு!

"ஏ வஞ்சி! என் காது இவளுக்கு எப்படி வந்துச்சு? உனக்குக்கூட இல்லையே!"

"எனக்குள்ள ஒளிஞ்சு கிடந்திருக்கும் அண்ணே. அம்மா நம்ம ரெண்டு பேருக்கும்தானே கொடுத்தா."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மூங்கனுக்கு உடம்பெல்லாம் ஆடியது. "எங்க அந்தக் கயிறு?" என்று எழுந்தான்.

பாறை உச்சியில் ஒரு பிளவில் குதிகாலை ஊன்றி, கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து உட்கார்ந்தான். கடம்பன் அந்தக் குச்சிக் கைகளைப் பார்த்தான். கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினான். வஞ்சி பிள்ளையோடு தள்ளி ஒரு புதருக்கு அடியில், புகை மூட்டி உட்கார்ந்திருந்தாள்.

வந்தன பாருங்கள் தேனீக்கள்! கை, கழுத்து, இமை என்று ஓர் இடம் விடவில்லை. மூங்கன் அலறினான். அலறலுக்குக் குறைவே இல்லை. ஆனால் கயிறு நழுவவில்லை!

ராணிக்கு ஆச்சரியம். "ஏய் குச்சி! விடு! கீழ தொங்குறவன் உன் ரத்தம் இல்லையே!"

"இல்லைதான்! என் ஈரலைத் தின்ன திருட்டுப்பய!"

"அப்புறம் யாருக்காகப் பிடிச்சிருக்கே?"

கை காட்ட முடியாமல், வீங்கிய முகத்தைப் புதர்ப்பக்கம் திருப்பினான். "அங்க என் காது இருக்கு. இவன் விழுந்தா அதுக்குப் பால் கிடையாது."

அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ அவனுடைய மடிந்த காதின் மடலில் கொடுக்கை இறக்கியது. உயிர் போகிற வலி. அந்த வலியிலும் மூங்கனுக்கு ஒன்று தோன்றியது.

"கொட்டினா நீயும் செத்துப்போவியே. உனக்குப் பிள்ளை இருக்கா?"

"எனக்கேது பிள்ளை?" என்றது அந்தத் தேனீ முனகலாக.

"பிறகு யாருக்காகச் சாகுற?"

"அடைக்குள்ள என் அம்மா பெத்ததுங்க இருக்கு. என் தங்கச்சிங்க."

மூங்கன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "அடி ஆத்தா! அப்ப நீயும் நானும் ஒரே ரகந்தான்!"

தேனீ அவன் மடியில் விழுந்து இறந்தது. ராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பெண்கள் எதற்காகச் சாகிறார்களோ அதற்காகவே உட்கார்ந்திருக்கிறான் இவன்! இப்படிப்பட்டவனை எந்தக் கொடுக்காலும் அசைக்க முடியாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"திரும்புங்கடி எல்லாரும்," என்றாள். பிறகு மூங்கனிடம் சொன்னாள்: "தேன் இருக்கிற பக்கத்தை எடுத்துக்கச் சொல்லு. எங்க பிள்ளைப்புழு இருக்கிற பக்கத்துல கை வைக்காதே. அது எங்க காது."

கடம்பன் தேனோடு மேலே ஏறி வந்தான். வஞ்சி வயிறாரத் தின்றாள். அவளுக்குப் பால் ஊறியது, பிள்ளை குடித்தது. மூங்கனின் கைகள் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருந்தன. கடம்பன் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மச்சான்... அந்த ஈரல்..."

"அதை ஞாபகப்படுத்தாதே மாப்பிள்ளை. எனக்கு இன்னும் ஆறலை."

கடம்பன் மகளை எடுத்து அவன் மடியில் வைத்தான். அவன் குனிந்ததும் அவள் மாமன் காதைப் பிடித்தாள். மடலில் தேனீ துளைத்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்திருந்தது. கடம்பனுக்குச் சட்டென்று உற்சாகம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு காரைச்செடி முள்ளை ஒடித்து வந்தான்.

"இந்த ஓட்டை இவளுக்கும் வேணும் மச்சான். இவ வளர்ந்த பிறகும் இது யாரோட காதுன்னு ஊருக்குத் தெரியணும். நீ மடியில பிடிச்சுக்க, நான் குத்துறேன்."

முள் ஏறியதும் பிள்ளை வீறிட்டு அழுதது. எவ்வளவு தெம்பான அழுகை! அதைக் கேட்டு வஞ்சி சிரித்தாள். அத்தனை தேனீ கொட்டியும் அலறியதோடு சரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மூங்கனோ பிள்ளையைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

அன்று முதல்தான் மலையில் தேனுக்கு இறங்குகிறவனுக்கு மனைவியின் கூடப்பிறந்தவன் கயிறு பிடிக்கிறான். அன்று முதல்தான் நாமும் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோம். ஊசி பிள்ளையின் காதில் ஏறும்போது மாமனின் கை தன்னையறியாமல் தன் காதுக்குப் போவதும் அன்று முதல்தான்.