தொண்டையில் இறங்காத தண்ணீர்

மலைத்தேன் மணக்கும் ஒரு காட்டில் தேவாங்கு ஒன்று இருந்தது. அதற்கு எதைக் கண்டாலும் பயம். கிளையை அழுத்திப் பார்க்காமல் காலை எடுத்து வைக்காது.

அந்தப் பயம்தான் அதற்குச் சோறு போட்டது. மலைத்தேனீக்களின் பெரிய கூட்டுக்காகப் புதுப் பூக்களைச் சோதிப்பது அதன் வேலை. பூவின் தேனை நுனிநாக்கில் தொட்டுவிட்டு, தலை சுற்றுகிறதா, வயிறு கலங்குகிறதா என்று காத்திருக்கும். சோதனை முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது கூட்டின் சட்டம். முடிந்தபின் ராணித் தேனீயிடம் மட்டும் சொல்லும். அது சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

குளத்தங்கரை விலங்குகள் மழைக்காலம் தொடங்கும்போது ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் காட்டுச் சபைக்கு அனுப்பும். அடுத்த மழைவரை அவர்தான் உறுப்பினர். அந்த முறை நரி போட்டியிட்டது. புள்ளிமான் தேவாங்கைத் தேடி வந்தது.

"நரி வாயால் பிழைக்கிறவன். நீ சோதித்துப் பேசுகிறவள். நீ போனால் எங்களுக்கு நிம்மதி, அக்கா."

தேவாங்கு நடுங்கிக்கொண்டே நின்றது, ஜெயித்தும் விட்டது.

சபைக்குப் புறப்படும் காலையில் உறுப்பினர் குளத்தில் எல்லோரோடும் சேர்ந்து தண்ணீர் குடிப்பது அங்கே வழக்கம். நீங்கள் குடிப்பதைத்தான் நானும் குடிக்கிறேன் என்று அதற்குப் பொருள்.

கோடை வந்தது. குளம் பாதியாகச் சுருங்கியது. பெயர் தெரியாத கொடி ஒன்று கரையிலிருந்து இறங்கிக் கிடந்தது. அதன் காய்கள் தண்ணீரில் ஊறுவதைத் தேவாங்கு பார்த்தது. ஒரு சொட்டு நக்கியது. நாக்கு லேசாக மரத்தது.

மற்றவர்களிடம் சொல்லிவிடலாமா? சொல்லி, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? நல்ல தண்ணீருக்கு மலையைத் தாண்டிப் போக வேண்டும். வீணாக அலையவைத்தாய் என்று திட்டுவார்களே. முதலில் சோதித்து முடிப்போம் என்று வாயை மூடிக்கொண்டது.

அன்றிலிருந்து தேவாங்கு இலைப் பனியை நக்கித் தாகம் தீர்த்தது. சபைக்குப் போகும் காலைகளில் குளத்தில் வாயை வைக்கும், விழுங்காது.

சில நாளில் மான்குட்டியின் கால்கள் துவண்டன. வெயிலின் கோளாறு என்றது மான். தேவாங்கோ, இன்னும் ஒரே ஒரு சோதனை, அப்புறம் சொல்லிவிடலாம் என்று நினைத்தது. நினைத்தபடியே நாட்கள் போயின.

அடுத்த சபை நாளில் நரி எதிர்க்கரையில் வந்து உட்கார்ந்தது.

"உறுப்பினர் அம்மா, வாய் தண்ணீரில் இருக்கிறது. தொண்டை அசையவே இல்லையே?"

தனக்குத் தாகமில்லை என்றது தேவாங்கு.

"இந்த வெயிலிலா? சும்மா ஒரு வாய் விழுங்குங்கள், பார்க்கலாம்."

தேவாங்கு குனிந்தது. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்க அதனால் முடியவில்லை.

"அந்தக் கொடியின் மேல் எனக்குச் சந்தேகம். உறுதியானதும் சொல்லலாம் என்று இருந்தேன்."

விலங்குகள் குளத்தை விட்டுப் பின்வாங்கின. மான் மட்டும் கிட்டே வந்தது. குரலை உயர்த்தவில்லை.

"சந்தேகம் வந்த அன்றே நீ குடிப்பதை நிறுத்திவிட்டாய். என் பிள்ளையை மட்டும் ஏன் குடிக்க விட்டாய், அக்கா?"



அன்றே எல்லோரும் மலை தாண்டிய ஓடைக்குப் போனார்கள். குட்டி பிழைத்தது, ஆனால் முன்போல் துள்ளவில்லை. மழை வந்ததும் நரி ஜெயித்தது. மானும் நரிக்குத்தான் வாக்களித்தது.

தேவாங்கு பழைய வேலைக்கே திரும்பியது. ஒருநாள் அது புதுப் பூவொன்றைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தபோது, சின்னத் தேனீ ஒன்று அதே பூவை நோக்கிப் பறந்து வந்தது. தேவாங்கு குறுக்கே கையை நீட்டியது.

"உறுதியாகத் தெரியாது. ஆனாலும் இப்போது தொடாதே."

"சோதனை முடியாமல் பேசலாமா? சட்டம் தெரியாதா?" என்றது தேனீ.

"தெரியும்" என்றது தேவாங்கு. நீட்டிய கையை அது எடுக்கவில்லை.

நீதி: நம்மைக் காத்த சந்தேகத்தை, அது உறுதியாகும்வரை காத்திராமல், நம்மை நம்பியவர்களிடமும் சொல்லிவிட வேண்டும்.